பீட்டாவைச் சுட்டவர்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி நம்ம குரூப் ஆடிய ஸ்டெல்லாரிஸ் என்கிற விண்வெளி வியூக ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று காலையில் குரூப்பைத் திறந்தால் என் முகத்தை வெட்டி ஒரு புறாவின் உடம்பில் ஒட்டி, அலகில் ஒரு கடிதத்தைச் செருகி, "ஐயா, தங்கள் நலமறிய ஆவல்" என்று ஸ்டிக்கர் போட்டிருக்கிறார்கள். நல்ல கைவேலை. கழுத்துப் பக்கம் மட்டும் சரியாக ஒட்டவில்லை. அதற்குச் சிரித்து வைத்தவர்களில் பலர் என் வீட்டில் கை நனைத்தவர்கள்.

ஆட்டத்தில் இருந்தவர்களுக்கு விவரம் தெரியும். இல்லாதவர்கள் இருந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் என்னைவிடச் சுவாரசியமாகச் சொல்வார்கள். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. விண்வெளி வியூக ஆட்டத்தில் முதல் சந்திப்பு, அதாவது முன்பின் தெரியாத வேற்றுலக இனத்தை முதன்முதலாக எதிர்கொள்வது, அதுதான் ஆட்டமே. கனிமம் எவ்வளவு, கப்பல் எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கணக்கு வழக்கு. அந்த ஒன்றை "போர் அடிக்குது" என்று ஓட்டெடுப்பு நடத்தி, மோடு (ஆட்டத்தை மாற்றியமைக்கும் துணை நிரல்) போட்டுத் தூக்கிவிட முடிவெடுத்த பெருமக்களுக்கு என் வாழ்த்துகள். ஜனநாயகம் வாழ்க.

ஸ்டெல்லாரிஸ் 2016இல் வந்தபோது முதல் சந்திப்பு சப்பையாகத்தான் இருந்தது. தெரியாத கப்பலைப் பார்த்தால் ஒரு ஆராய்ச்சித் திட்டம் வரும். அது முடிந்தவுடன் பேச்சு திறந்துவிடும். 2021இல் வந்த 3.0 பதிப்பில் அதை மாற்றினார்கள். தூதர் ஒருவரை ஒதுக்கி, படிப்படியாக விசாரிக்க வேண்டும். எதிரில் இருப்பது யாரென்று தெரியாதவரை பெயர்கூட ஆல்ஃபா, பீட்டா, காமா என்றுதான் காட்டும். அது ஒரு பேரரசா, நட்சத்திரங்களுக்கு நடுவில் சும்மா மேய்ந்துகொண்டிருக்கும் பிராணியா என்பதுகூட விசாரணையின் போக்கில்தான் தெரியவரும். இந்த வகை ஆட்டங்களில் எனக்குத் தெரிந்து இதுதான் ஓரளவு நேர்மையான முயற்சி. 1993இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியனில் எதிராளி எட்டும் தூரத்துக்கு வந்தாலே போதும், அவர்கள் ராஜா திரையில் தோன்றித் தெளிவாகப் பேச ஆரம்பித்துவிடுவார். கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் இரண்டாம் பாகத்தில் மொழிபெயர்ப்புக் கருவி என்று ஒரு தொழில்நுட்பம் உண்டு. அதை ஆராய்ந்து முடித்தால் வேலை தீர்ந்தது. அதுவரை ஒன்றும் புரியாது, அதன்பின் எல்லாம் புரியும்.

சனிக்கிழமை என் தூதர் பீட்டாக்களை விசாரித்துக்கொண்டிருந்தார். பாதிதான் முடிந்திருந்தது. பக்கத்துப் பேரரசு ஆடுகிற நம்ம தம்பி, முதல் சந்திப்புக் கொள்கையை முரட்டுத்தனத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பக்கம் போன பீட்டா கப்பலைச் சுட்டுத் தள்ளினான். கேட்டால், "நாலு போடு போட்டா யாருன்னு தானா தெரிஞ்சிடப்போகுதுண்ணே" என்கிறான். எல்லோரும் கைதட்டினீர்கள். மைக்கில் கேட்டது.

தம்பி சுட்டதுகூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சுடுகிறவன் எந்தக் காலத்திலும் இருப்பான். சுட்டதற்கு ஆட்டம் கொடுத்த தண்டனையைப் பாருங்கள், அதில்தான் எரிச்சல். அவர்கள் நம்மேல் வைத்திருக்கும் அபிப்ராயத்தில் ஒரு மைனஸ் எண். அது வருஷத்துக்கு வருஷம் கரையும். கொஞ்ச காலம் போனால் பூஜ்யம். தங்கள் முதல் தூதுக் கப்பலைக் காரணமே இல்லாமல் கொளுத்தியவனை ஒரு நாகரிகமே மறந்துவிட்டு, வணிக ஒப்பந்தத்தோடு வந்து நிற்கிறது. எந்த ஊரில் நடக்கும் இது?

நம்ம ஊரில் நடக்காது. 1748இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். புதுச்சேரியில் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். அதே பிரெஞ்சுக்காரர்களோடு அதற்கப்புறம் 200 வருஷம் வியாபாரம் செய்தோம், அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம், அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்தோம். ஆனால் யாரும் மறக்கவில்லை. நட்பும் வடுவும் ஒரே வீட்டில் குடியிருக்கும். ஆட்டத்தில் ஏன் அது ஒரே எண்ணாக, ஏறி இறங்குகிற ஒரே பட்டையாக இருக்க வேண்டும்?

பிள்ளையைச் சொன்னதால் இன்னொன்று. அந்த நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை போகிறது. துய்ப்ளேக்ஸிடம் தலைமை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர் அவர். கவர்னர் யாரிடம் என்ன சொன்னார், நவாப் ஆள் என்ன பதில் கொண்டுவந்தான் என்று பலதும் அவர் காது வழியாகப் போகிறது. அவரும் சும்மா இல்லை. அவருக்கே துணி வியாபாரம் உண்டு, வேண்டாதவர்கள் உண்டு, கவர்னரின் மனைவியோடு ஓயாத மனக்கசப்பு உண்டு. இரண்டு அரசுகள் சந்தித்தன என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் எழுதும். உண்மையில் நடுவில் ஒரு ஆள் நின்று, தன் லாப நஷ்டத்தையும் பார்த்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் விஷயத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். ஒரு வியூக ஆட்டத்துக்கு இதைவிட நல்ல சரக்கு வேண்டுமா? பீட்டாக்களை ஏற்கெனவே தெரிந்த மூன்றாவது இனம் ஒன்று இருக்கட்டும். அவர்களிடம் தரகு கொடுத்து, தொடர்பைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் சொல்வது முழு உண்மையா, அவர்களுக்குத் தோதான உண்மையா என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. போட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது நீங்கள் நினைத்ததுதானா என்பது இருபது வருஷம் கழித்து அவர்கள் படை வந்து நிற்கும்போது தெரிய வேண்டும். அப்போது கைதட்டுங்கள்.

இன்னும் சொல்கிறேன். அரியாங்குப்பத்துக்குப் பைக்கில் போனால் அரிக்கமேடு, அந்தக் காலத்துத் துறைமுகம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியரின் மது ஜாடிகள், இத்தாலிய மண்பாண்டங்கள், மணிகள், தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள் எல்லாம் வந்தன. ரோமச் சக்கரவர்த்தி வந்து தமிழ் அரசனைக் கட்டிப்பிடித்து பாப்-அப் திறந்தா அந்த வியாபாரம் நடந்தது? வணிகன் வந்தான், காற்று திரும்பும்வரை காத்திருந்தான், சரக்கை ஏற்றினான், போனான். அரசாங்கங்களுக்கு முன்னால் சரக்கு சந்தித்துக்கொண்டது. விண்வெளி ஆட்டத்திலும் உங்கள் எல்லையோரத்து வியாபாரி ஒருவன், உங்களுக்குத் தெரியாமலேயே பீட்டாக்களோடு பத்து வருஷமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? ஏதோ ஒரு சந்தையில் உங்கள் நாட்டில் செய்யாத ஒரு பாத்திரம் கிடைக்கிறது. அதிலிருந்து துப்புத் துலக்க ஆரம்பிக்கிறீர்கள். எனக்கு எழுதும்போதே கை பரபரக்கிறது. உங்களுக்குச் சுடத்தான் பரபரக்கிறது.

"அண்ணே, இது வெறும் கேம்" என்று வருவீர்கள். தெரியும். இந்தப் பதிலை எனக்கு எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. வெறும் கேம் என்றால் கப்பலுக்கு எந்தப் பீரங்கி பொருத்துவது என்று விடிய விடிய எக்செல் போடுகிறவர்கள் யார்? கேடயத்தைத் துளைக்க எது, கவசத்தைத் துளைக்க எது என்று எனக்கே வகுப்பெடுத்தவர்கள் யார்? சண்டை என்றால் நுணுக்கம், சந்திப்பு என்றால் வெறும் கேமா?

"நிஜத்தில் எப்படி நடக்கும்னு யாருக்குத் தெரியும்?" இதைக் கேட்டவருக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன். சந்திப்பு நடக்கவில்லை, ஆனால் சந்திப்போ என்று திடுக்கிட்ட தருணங்கள் நடந்திருக்கின்றன. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் கடிகாரம் தட்டுவது போன்ற ஒரு ரேடியோத் துடிப்பைப் பிடித்தார். பாதி விளையாட்டாக அதற்குப் "பச்சை நிறக் குட்டி மனிதர்கள்" என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் அது பல்சார் என்கிற நட்சத்திர வகை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் விட்டு விட்டு வந்த ஒரு மர்ம சிக்னல், நேரம் முடிவதற்குள் யாரோ மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்ததால் வந்தது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். இந்தக் குழப்பம் ஏன் ஆட்டத்தில் இல்லை? விசாரணையில் பாதி பொய்த்துப்போகட்டும். தூதரை ஒதுக்கி, வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் நம் கப்பலின் இரைச்சல்தான் அது என்று வரட்டும். வேற்றுலக சிக்னல்களைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள் 1989இலேயே ஒரு நெறிமுறை எழுதி வைத்திருக்கிறார்கள்: முதலில் நன்றாகச் சரிபார், உலக நாடுகளைக் கலந்து பேசாமல் பதில் அனுப்பாதே. பதில் அனுப்புவதற்கே அவ்வளவு யோசனை. தம்பி சுட்டுவிட்டான்.

மல்டிபிளேயரில் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. காத்திருங்கள். உங்கள் போருக்கு நான் காத்திருக்கவில்லையா?

இதை எங்கே புரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். எங்கள் பெரியப்பா வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் பிரான்ஸிலிருந்து வரும். அவர் பேரன், என் வயதுக்காரன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஒரு ஈஸ்டர் விடுமுறைக்கு முதல்முறையாக வந்தான். அவனுக்குத் தமிழ் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. ஏப்ரல் மாதம். அம்மாவின் ஊர் பண்ருட்டிப் பக்கம், அங்கிருந்து ஒரு கூடை முந்திரிப் பழம் வந்திருந்தது. இருப்பதிலேயே நல்ல சிவப்பாக, முற்றிய ஒன்றை எடுத்து அவனுக்குக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதை அது. அவன் ஆசையாகக் கடித்தான். முந்திரிப் பழம் பழக்கமில்லாத தொண்டையை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். கரகரத்து, கமறி, கண்ணில் தண்ணீர். சட்டையெல்லாம் கறை. ஆயா பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். அவனுக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டான். ஊருக்குத் திரும்பும்வரை கடை ரொட்டி தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கொஞ்ச நாள் பேச்சே முறுகிப்போனது.

இப்போது அவன் நன்றாகத் தமிழ் பேசுகிறான். என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறான். ஆனால் வீடியோ காலில் வந்தால் அந்தக் கதையைச் சொல்லாமல் வைக்க மாட்டான். அவன் கதையில் சிரித்தது நான். ஆயா அதில் இல்லவே இல்லை. நானும் விடுவதில்லை. எத்தனை தடவை சொன்னாலும் அவன் தன் கதையை மாற்றப்போவதில்லை, நானும் என் கதையை மாற்றப்போவதில்லை.

இதைத்தான் ஆட்டத்தில் கேட்கிறேன். முதல் சந்திப்பு முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதப்பட வேண்டும். நீங்கள் பரிசு அனுப்பினீர்கள் என்று உங்கள் குறிப்பில் இருக்கும். அவர்கள் குறிப்பில் அது ஆயுதம். அவர்கள் குறிப்பை நீங்கள் உடனே படிக்க முடியாது. உளவு பார்த்தோ, நூறு வருஷம் பழகியோ, அவர்கள் பிள்ளைகள் உங்கள் ஊரில் குடியேறியோதான் தெரியவரும். அந்த எண் கரையவே கூடாது. வேண்டுமானால் அதன்மேல் வேறு ஒன்று வளரட்டும்.

இன்னொரு அபத்தம், இந்த ஆட்டங்களில் ஒரு கிரகமே ஒரே குரலில் பேசுகிறது. நிஜத்தில் நாம் என்ன செய்தோம்? 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வேற்றுலகத்தாருக்காக ஒலி பதிந்த தங்கத் தட்டு அனுப்பினார்கள். 55 மொழிகளில் வாழ்த்து. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, வழக்கொழிந்த சுமேரியன்கூட உண்டு. தமிழ் இல்லை. சதி என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அவசரத்தில் கிடைத்த ஆட்களை வைத்துப் பதிவு செய்தார்கள், அந்த நேரம் தமிழ் பேசும் ஒருவர் கைக்குக் கிடைக்கவில்லை போலும். பூமியின் பெயரால் பேசியது அந்த அறையில் இருந்தவர்கள். எப்போதுமே அப்படித்தான். அறையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முடிவெடுப்பார்கள், மற்றவர்களுக்குச் சேதி வரும். சனிக்கிழமை ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் ஓட்டெடுப்பு நடந்து முடிந்த மாதிரி. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டுவதற்குள் "முடிஞ்சிடுச்சுண்ணே, மெஜாரிட்டி" என்கிறீர்கள். இந்தக் குரூப்பை ஆரம்பித்தவன் யார் என்று ஒருவருக்காவது நினைவு வந்ததா? பாதிப் பேருக்கு இந்த ஆட்டத்தையே கற்றுக்கொடுத்தது நான். லாஸ்பேட்டையில் அப்போது எவன் வீட்டில் இது ஓடுகிற கம்ப்யூட்டர் இருந்தது?

சரி, அது வேறு. வயதானவன் புலம்புகிறான் என்று அதற்கும் ஒன்று தயாராகும்.

வரும் சனிக்கிழமை நானே ஹோஸ்ட் செய்கிறேன். மோடு கிடையாது. கேலக்ஸி பெரியது, பேரரசுகள் குறைவு, சுற்றிலும் நிறைய இருட்டு. முதல் சந்திப்புக் கொள்கை எல்லோருக்கும் "எச்சரிக்கை"தான். மாற்றுகிறவர்களை வெளியே அனுப்புவேன். ஒன்பது மணிக்குத் திறப்பேன், பத்துக்கு மேல் வருகிறவர்களைச் சேர்க்க மாட்டேன். கடலூரிலிருந்து ஒருவர் வருவதாகத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. தம்பிக்கும் இடம் வைத்திருக்கிறேன். அவனுக்கு யாராவது போன் போட்டுச் சொல்லுங்கள், நான் போட மாட்டேன்.