தூங்கத் தெரிந்த கார்டைத் தூங்கவிடாத டிரைவர்

நேற்றும் அதே கதைதான். காரைக்குடியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. 3.20க்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. 3.50க்குக் கரண்ட் வந்தது. நடுவில் அந்த அரை மணி நேரம் அப்பத்தா இரண்டாங்கட்டில் ஓலை விசிறியோடு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். "உன் பெட்டிதானப்பா கரண்டைக் குடிக்குது" என்றார்.

அப்பத்தா சொன்னது சரி. கேமராப் பதிவுக்கும் குடும்பப் படங்களுக்கும் ஓடுகிற அந்தக் குட்டிக் கணினி, சும்மா இருக்கும்போது 12 வாட்தான் இழுக்கும். ஐப்பசி இடியில் போர்டில் இருந்த நெட்வொர்க் போர்ட் கருகிப்போனதால் தனி நெட்வொர்க் கார்டு வாங்கிச் செருகினேன். அன்றிலிருந்து 20 வாட். ஆறு மணி நேரத்துக்கு இந்த 8 வாட் வீணானால் 48 வாட்மணி. 75 வாட் காத்தாடியை அரை மணிக்கு மேல் ஓட்டலாம். அப்பத்தாவின் அரை மணி!

கார்டு செய்தவன் அட்டைப்பெட்டியில் பச்சை இலை போட்டு 'மின்சேமிப்பு' என்று அச்சடித்திருக்கிறான். என் கணினியில் ஓடுவது லினக்ஸ். சரி என்று அதில் கார்டின் அமைப்புகளைக் காட்டும் ஈத்டூல் கட்டளையில் கேட்டால் 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்', அந்த வசதியே இல்லையாம். கம்பியில் தரவு ஓடாத நேரத்தில் கார்டு அரைத்தூக்கம் போடுகிற 802.3ஏஇசட் தரம் 2010-லேயே வந்துவிட்டது. அதே கார்டை விண்டோஸில் செருகினால் அந்த வசதிக்கு டிக் பெட்டியே இருக்கிறது! சில்லுக்குள் இருப்பதை லினக்ஸ்காரனுக்கு மட்டும் ஏன் பூட்டி வைக்கிறாய்?

அது போகட்டும், அதில் மிஞ்சுவது ஒரு வாட்கூட இல்லை. பெரிய திருட்டு ஏஎஸ்பிஎம்மில், அதாவது வேலையில்லாதபோது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைத் தூங்கவைக்கும் வசதியில். செருகிய கார்டுகளின் விவரத்தைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டினேன். கார்டின் திறனைச் சொல்லும் வரியில் 'ஏஎஸ்பிஎம் எல்1' என்ற தூக்க நிலை இருக்கிறது. சில வரி தள்ளி 'டிசேபிள்டு': கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை மூடி வைத்திருக்கிறது. கார்டு கண்ணயராவிட்டால் பிராசஸரும் ஆழமாகத் தூங்க முடியாது. மின்செலவைக் காட்டும் பவர்டாப்பில் பார்த்தேன்: கார்டு இல்லாமல் பிராசஸர் பிசி8 என்ற ஆழ்ந்த தூக்கம் வரை இறங்குகிறது, செருகினால் பிசி2 என்ற லேசான தூக்கத்திலேயே நிற்கிறது. நானே ஏஎஸ்பிஎம்மை வலுக்கட்டாயமாகத் திறந்தும் பார்த்தேன். விடிவதற்குள் கார்டு உறைந்து, ராத்திரி கேமராப் பதிவு பாதி போச்சு.

டிரைவர் எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எந்தச் சில்லில் திறக்கலாம், எதில் உறையும் என்று செய்தவன் ஆவணம் கொடுக்காவிட்டால் அவர்கள் மூடித்தான் வைப்பார்கள். கோபமெல்லாம் செய்தவன் மேல்தான். மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில், "விண்டோஸில் சோதித்துப் பாருங்கள்." நான் கேட்டது லினக்ஸ் டிரைவர் ஐயா! இரண்டு மாத பில்லில் பதினொன்றரை யூனிட் இந்த வெட்டிச் செலவு. கட்டுவது நான்.

வைஃபைக்கு மாறு என்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரை வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முகப்பில் ரவுட்டர், இரண்டாங்கட்டில் ஒரு கோடு சிக்னல்கூடக் கிடையாது. அதனால்தான் கேபிளே இழுத்தோம்.

அந்தக் கேபிள்காரன் செய்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்த சுவர், முகம் தெரியும். கேட்காமல் கொள்ளாமல் டிரில்லை வைத்து ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்த்துவிட்டு, வெள்ளை சிமென்ட்டை அப்பிவிட்டுப் போனான். அப்பத்தா தினமும் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறார்.