ஈர நாயோடு ஒரு ராத்திரி

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஏரி பார்க்கப் போனோம். கூடவே எங்கள் நாய் மணியும் என்றதும் பாதி மலை கதவைச் சாத்திவிட்டது. யோசெமிட்டி பூங்காவின் காட்டுப் பாதைகளில் நாய்க்கு அனுமதியே இல்லை. சரி, அனுமதி உள்ள லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்குக்கே போவோம் என்று கிளம்பினோம். நடை தொடங்கும் இடத்தின் பெயர் மஸ்கிட்டோ ஃப்ளாட். கொசுத்திடல்! ஜூலையில் போகிறவன் அந்தப் பெயரைப் படித்தாவது திருந்தியிருக்க வேண்டாமா?

கொசுவைக்கூட மன்னித்துவிடலாம், மணியைத்தான் முடியாது. பனி உருகி வந்த தண்ணீர். நான் கணுக்காலை வைத்தாலே விறைக்கிறது. அவன் குச்சியைத் துரத்தி ஐந்து முறை குதிக்கிறான். உதறிக்கொள்ள அவ்வளவு பெரிய கரை இருக்க, என் பக்கத்தில் வந்து நின்றுதான் உதறுவான். அப்புறம் நேரே டென்ட்டுக்குள், என் ஸ்லீப்பிங் பேக் மேல். உள்ளே இருப்பது வாத்து இறகு; நனைந்தால் கட்டிதட்டிப் போகும், சூடு நிற்காது. 3,000 மீட்டருக்கு மேல் கோடையிலும் ராத்திரியில் பல் தந்தியடிக்கும்.

அவன் தீனி, கிண்ணம், கயிறு எல்லாம் என் முதுகில். கரடிக்குப் பயந்து சாப்பாட்டைப் பூட்டிவைக்கும் டப்பாவில் பாதி இடம் அவனுக்கு. அவன் 'போனதை'யும் பையில் கட்டி நான்தான் சுமந்தேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு, இருந்த சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துரை என் படுக்கையில் குறட்டை விடுகிறார்.