162 எப்படி வந்தது?

நேற்று நாவலூர்ப் பக்கம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சிவில் இன்ஜினியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். காலை 9.30 மணிக்கு வரச் சொன்னவர்கள் பிற்பகல் 2.45 மணிக்கு உள்ளே அழைத்தார்கள். அதைப் பற்றி நான் குறைப்பட்டுக்கொள்ளப் போவதில்லை. ரெடிமிக்ஸ் காங்கிரீட் லாரி வரும் வரும் என்று நள்ளிரவில் பம்ப்புக்குப் பக்கத்தில் கொசுக்கடியோடு நின்றவர்களுக்குக் குளிரூட்டிய வரவேற்பறையில் ஐந்தே கால் மணி நேரம் ஒரு பொருட்டே அல்ல.

விளம்பரத்தில் கேட்டிருந்தவை: ஆட்டோகேட், ரெவிட், ஈடேப்ஸ் என்ற வரைபட, வடிவமைப்பு மென்பொருள்கள், பெரிய திட்டங்களுக்குக் கால அட்டவணை போடும் ப்ரைமவெரா, சொந்த மடிக்கணினி, சொந்த இருசக்கர வாகனம். கட்டப்போவது தளத்துக்கு இரண்டு வீடு வீதம் மூன்று தளங்கள். ஆறு வீட்டுக்கு ப்ரைமவெரா எதற்கு என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. தண்ணீர் லாரி வரும் நேரத்தை அதில் குறித்துவைப்பார்கள் போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

உள்ளே இருவர். ஒருவர் முதலாளி, மற்றவர் தம்மை ப்ராஜெக்ட் ஹெட் என்று சொல்லிக்கொண்டார், கையில் கேள்விகள் அச்சிட்ட ஒரு தாள் வைத்திருந்தார். கம்பியின் எடைக்குச் சூத்திரம் என்ன என்று தொடங்கினார். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும் என்றேன். "அந்த 162 எப்படி வந்தது?" என்றார். நான்கு ஆண்டுப் படிப்பிலும் இரண்டு ஆண்டு வேலையிலும் என்னை ஒருவர் இப்படிக் கேட்டதில்லை என்பதால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பை (π) மதிப்பைக் காலாக்கி விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கியது, சதுர மில்லிமீட்டரைச் சதுர மீட்டராக்கப் பத்து லட்சத்தால் வகுக்கிறோம், எல்லாம் சுருங்கி 162.2 என்று வந்து நிற்கும், 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ என்று மேசையிலிருந்த துண்டுச்சீட்டில் எழுதியே காட்டினேன். அவர் தம் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். கேள்விதான் அச்சாகியிருந்ததே தவிர விடை அச்சாகவில்லை. "இதெல்லாம் புத்தகத்துக்குச் சரி, சைட்டுக்கு உதவாது" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கேட்டவர் அவர்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை.

அடுத்து, ஸ்லாபின் சென்ட்ரிங்கை, அதாவது காங்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையையும் முட்டுகளையும், எப்போது பிரிக்கலாம் என்றார். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000 சொல்வதைச் சொன்னேன்: அடிப்பலகையை 3 நாளில் எடுக்கலாம், ஆனால் எடுத்த கையோடு முட்டுகளைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும்; தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு முட்டுகள் 7 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் நிற்க வேண்டும், இதுவும் சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்கான கணக்கு, மெதுவாக வலுப்பெறும் பி.பி.சி. சிமெண்டு என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ள வேண்டும். "பலகை அடுத்த சைட்டுக்கு வேண்டும், முட்டோடு நான்காம் நாளே பிரி என்று முதலாளி சொன்னால்?" என்றார். முதலாளி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். பிரிக்கக் கூடாது என்பேன் என்றேன். "தம்பிக்கு அட்ஜஸ்ட் பண்ணிப் போகத் தெரியவில்லை" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தெரியாதுதான். காங்கிரீட்டுக்கும் தெரியாது, அதற்கும் இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை.

பிறகுதான் முதலாளி வாய் திறந்தார். "கார் ஓட்டுவீர்களா? வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும்." அன்றைய கேள்விகளிலேயே தெளிவான நோக்கம் உடைய கேள்வி அது ஒன்றுதான், அதிலும் நான் தோற்றேன்.

சம்பளம் 15,000 ரூபாய். பெட்ரோல் நம் செலவு. மாதத்துக்கு 26 நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 577 ரூபாய் வருகிறது. என் பழைய சைட்டில் கொத்தனாருக்கு நாள் கூலி 1,100, டீயும் வடையும் தனி. வெயிலில் நின்று சம்பாதிக்கும் அந்தக் கூலியில் ஒரு ரூபாய்கூட எவரும் குறைக்க வேண்டாம். அவர் வைத்த சுவர் செங்குத்தாக, தூக்குக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அதில் பாதி என்று முடிவு செய்தவர் யார் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இதற்கு மேல் அசல் சான்றிதழ்களை அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டுமாம், இரண்டு ஆண்டு கழித்துத் தருவார்களாம். அடகுக் கடையில்கூட நகையை வாங்கிக்கொண்டு கையில் பணம் கொடுப்பார்கள்.

அறிவுரை சொல்பவர்களையும் இந்த நேரத்தில் நினைத்துக்கொள்கிறேன். மனிதன் இருக்கும் வரை வீடு கட்டுவான், ஆகவே சிவிலுக்கு அழிவே இல்லை என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டவர் பெரியப்பா. அவர் சொன்னது பொய்யில்லை; மனிதர்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு அவரும் கட்டினார், மேஸ்திரியிடம் மொத்தமாக ஒப்படைத்து. எனக்குப் புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ் வந்தது. பிம் (கட்டடத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக்கும் முறை) படி, உலகமே காத்திருக்கிறது என்கிறவர்கள் பேச்சை முடிக்கும்போது பயிற்சிக் கட்டணத்தைச் சொல்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுது என்கிறவர்கள் குறைந்தபட்சம் காசு கேட்பதில்லை. இவர்களில் ஒருவராவது, தம்பி, முதலில் ஓட்டுநர் உரிமம் எடுத்துவிடு என்று சொல்லியிருக்கக் கூடாதா?

இன்று மாலை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ப்ராஜெக்ட் ஹெட். வேலை கிடைத்துவிட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. கிடைத்தால் போவேனா என்பது வேறு விஷயம். "தம்பி, நேற்று 162 எப்படி வந்தது என்று எழுதினீர்களே, அந்தச் சீட்டைக் காணவில்லை. நாளைக்கு நாலு பேர் இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். கொஞ்சம் தெளிவாக எழுதி அனுப்ப முடியுமா?"

வீட்டில் எல்லோரும் என்னவோ ஏதோ என்று ஓடிவரும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு கோடு போட்ட தாளில் அலகுகளோடு, படிப்படியாக எழுதி, புகைப்படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக்குறிகள் விழுந்தன. நன்றி என்று ஒரு சொல் இன்னும் வரவில்லை.