அது கானாடுகாத்தான் இல்லை, ஜோத்பூர்

ராஜா வீட்டு ஓவியங்களுக்கு வெளிநாட்டார் அலையும் அந்தக் காமெடிப் படம் நம்ம செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எடுத்தது, அதில் வருவதுபோல வீட்டுக்காரர் மனசு வைத்தால் எதையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னீர்கள். இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி 1978-ல் கொடுத்த ‘ஹல்லபலூ ஓவர் ஜார்ஜி அண்ட் போனீஸ் பிக்சர்ஸ்’ என்ற படம் அது, எடுத்தது ஜோத்பூரில். அவர்கள் துரத்துவது உள்ளங்கை அகல ராஜபுத்திரச் சிற்றோவியங்களை, நம்ம வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) தொங்கும் ரவி வர்மா அச்சுப் படங்களை இல்லை. சரி, அது போகட்டும்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற அடுத்த பேச்சை நம்பித்தான் யாராவது மாட்டிக்கொள்வார்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய ஓவியமோ செதுக்கிய நிலைக்கதவோ, தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. சொந்த வீட்டுச் சொத்தாக இருந்தாலும்தான். உள்நாட்டில் விற்கலாம், ஆனால் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். காரைக்குடிக் கடையில் வாங்கியது அவ்வளவு பழசில்லை என்றால், மத்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் வாங்கி அப்புறம் அனுப்புங்கள்.