"குழப்பமில்ல" என்றார் டாக்டர்

தமிழ்நாடு-கேரள எல்லையில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். மலையாளத்தில் "குழப்பமில்ல" என்றால் பிரச்சினை ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். களியக்காவிளை தாண்டினால் ஒரு நாளில் பத்து தடவை கேட்கலாம். ஆனால் இந்தத் தை மாசம் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பு டாக்டர் என்னுடைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு "குழப்பமில்ல கேட்டோ" என்று சொன்னபோது, எனக்கு அது தமிழாகத்தான் காதில் விழுந்தது. குழப்பம் இல்லை என்கிறாரே, அப்படியானால் என் கைக்கு என்ன ஆச்சு?

நான் தையல்காரி. குழித்துறை பக்கத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு 14 வருஷமாகத் தைக்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு குழந்தைக்கு வெள்ளை சாட்டின் ஃபிராக். ராத்திரி பதினொரு மணிக்கு ஓரத்தைக் கையால் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. பக்கத்திலேயே இன்னொன்று. எங்கிருந்து வருகிறது என்று துணியைத்தான் முதலில் புரட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் கையைப் பார்த்தேன். இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தி நிற்கிறது, நூல் தொங்குகிறது. வலிக்கவே இல்லை.

நம்ம ரத்தக் கறையை நம்ம எச்சில்தான் எடுக்கும் என்று எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்கா சொல்வார்கள். வெள்ளை நூலை வாயில் போட்டு மென்று, அந்த ஈரத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கறை போய்விட்டது. விரலில் உணர்ச்சி இன்று வரைக்கும் முழுசாக வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இடது பாதத்தில் ஈர மணல் அப்பியிருப்பது போல ஒரு மதமதப்பு. ஒரு நாள் செருப்பு கழன்றதே தெரியாமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துவிட்டேன். விலாவைச் சுற்றி இறுக்கமாகக் கச்சை கட்டியது போல ஒரு பிடி. தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து கால் வரை சுரீரென்று கரண்ட் ஓடும். தையல்காரி நாள் முழுக்கத் தலையைக் குனிந்துதானே இருக்க வேண்டும்.

மாமியார் நாவூறு என்றார்கள், உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். மைனி வாயு என்றாள். எங்கள் பக்கம் வர்ம ஆசான்கள் உண்டு. அப்படி ஒரு பெரியவரிடம் போனோம். கையைப் பிடித்து, முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் நடந்து பார்த்துவிட்டு, "எனக்குப் பிடிபடல்ல மக்களே, நரம்பு டாக்டரப் பாரு" என்றார். காசும் வாங்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது நினைத்தால் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

1956-ல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் பெரிய வியாதி என்றால் இன்னும் திருவனந்தபுரம்தான் பக்கம். காலையில் ரயில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி ஓ.பி. சீட்டு எடுத்துவிடலாம். அப்படி எத்தனை காலை! வைட்டமின் பி12 சரி. சர்க்கரை, தைராய்டு சரி. நரம்பில் கரண்ட் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் சரி. மூளைப் படத்தில் இரண்டு சின்ன வெள்ளைப் புள்ளிகள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அப்படி இருக்குமாம். ஒவ்வொரு "நார்மல்" வரும்போதும் வீட்டுக்காரர் முகத்தில் சந்தோஷம். எனக்கும் சந்தோஷப்படத்தான் ஆசை. ஆனால் அதே நேரம் கால் மரத்துத்தான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். "ஒண்ணுமில்ல" வேறு, "தெரியல" வேறு. நார்மல் ரிப்போர்ட் என்றால், அந்தப் பரிசோதனை தேடியது அங்கே இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். கரண்ட் வைக்கும் பரிசோதனை பெரிய நரம்புகளைத்தான் அளக்கும். சூடு, குளிர், வலியைச் சுமக்கும் நுண்ணிய நரம்புகள் கெட்டிருந்தாலும் அது சரி என்றே காட்டும். இதை எனக்குச் சொன்னது, இரண்டாவதாகப் பார்த்த ஒரு இளம் டாக்டர். அந்தப் பெண் உட்கார்ந்து கேட்டாள். "மரவிப்போ, தரிப்போ, புகச்சிலோ?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். உணர்ச்சியே இல்லாமல் போவது மரவிப்பு, ஊசி ஊசியாகக் குத்துவது தரிப்பு, எரிச்சல் புகச்சில். அதுவரைக்கும் நான் எல்லாவற்றையும் "ஒரு மாதிரி இருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கழுத்திலிருந்து கரண்ட் ஓடுவதைச் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள். அதற்குப் பெயர் இருக்கிறது, லெர்மிட் குறி. பிரான்சில் லெர்மிட் என்ற டாக்டர் 1924-லேயே எழுதி வைத்திருக்கிறார். கழுத்துத் தண்டுவடத்தில் ஏதோ உரசல் இருந்தால் வருமாம். மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பே அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற வியாதியிலும் வரும், பி12 குறைவிலும் வரும், எலும்பு தேய்ந்து அழுத்தினாலும் வரும். வியாதிக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் என் உடம்பில் ஓடுவதை நூறு வருஷம் முன்னாடியே ஒருவர் எழுதியிருக்கிறார் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் அவள், "இப்போ அறியில்ல. ஆறு மாசம் கழிஞ்ஞு ஒந்நுகூடி படம் எடுக்காம்" என்றாள். இப்போது தெரியவில்லை, ஆறு மாசம் கழித்து இன்னொரு படம் எடுக்கலாம் என்று அர்த்தம். சில நரம்பு வியாதிகளை ஒரே படத்தில் உறுதி செய்ய முடியாது, இடம் மாறியும் காலம் மாறியும் தழும்பு விழுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும் என்றாள். அந்த "அறியில்ல"வைக் கேட்டு நான் பயப்படவில்லை. அன்றைக்குத்தான் ராத்திரி தூங்கினேன்.

"எல்லாம் மனசுதான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு இது செயல்பாட்டு நரம்புக் கோளாறு, அதாவது நரம்பில் சேதம் தெரியாமலே அது வேலை செய்யும் விதம் பிசகுவது, என்றே முடிவாகலாம். அதற்கும் நான் தயார். ஆனால் அதுவும் வியாதிதான், நடிப்பு இல்லை. படுக்க வைத்து, நல்ல காலைத் தூக்கச் சொல்லும்போது தளர்ந்த கால் தன்னால் கீழே அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள். ஹூவர் என்பவர் 1908-ல் சொன்ன குறி அது. அதையும் கை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஒன்றும் வராததால் மனசு என்று சொல்லிவிட்டுப் போவது பரிசோதனை ஆகாது.

பெயர் இல்லாமல் வாழ்வதில் இன்னொரு கஷ்டம், காகிதம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன், நாள்பட்ட நரம்பு வியாதி எல்லாமே உண்டு. எதில் என்னைச் சேர்ப்பார்கள்? எந்த ஃபாரத்திலும் "நோயின் பெயர்" என்று ஒரு கட்டம். அந்த இடத்தில் என் பேனா நின்றுவிடுகிறது. சீட்டில் "காரணம் இன்னும் தெரியவில்லை, தொடர்ந்து பார்க்கப்படுகிறது" என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று டாக்டர்களைக் கேட்கிறேன். அந்த வரி இருந்தால் சொந்தக்காரர்களிடமும் துணி தாமதமானவர்களிடமும் காட்ட எனக்கு ஏதாவது இருக்கும்.

இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். தேதி, எந்த இடம், எவ்வளவு நேரம், அன்றைக்கு வெயிலா, இஸ்திரிப் பெட்டி பக்கம் நின்றேனா என்று எழுதுகிறேன். சூடு பட்டால் கூடுகிறது. ராத்திரி மகள் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்து என் பாதத்தில் வைத்து, "குளிருதாம்மா?" என்று கேட்பாள். வலது கால், ஆமா. இடது கால், இல்ல. அவளே எழுதிக்கொள்கிறாள். ஆவணி முதல் வாரம் அடுத்த ஸ்கேன். நோட்டில் இன்னும் நாலு பக்கம் மிச்சம் இருக்கிறது, புதுசு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.