ஆர்எஸ்எல் கிளப்: ஒரு கூரை, இரண்டு வீடு

சிட்னித் தமிழர்களுக்கு ஆர்எஸ்எல் கிளப் என்றால் பிறந்தநாள் ஹால், ஞாயிறு மதியச் சாப்பாடு, தாராளமான பார்க்கிங். அந்த மூன்றெழுத்து போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் சங்கத்தைக் குறிக்கிறது. அந்தச் சங்கம் வேறு, கிளப் வேறு என்பது வாராவாரம் போகிறவர்களில் பலருக்கே தெரியாது. இந்தக் குழப்பத்தால் இழப்பது படைவீரர்கள்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25-ல் துருக்கியின் கலிபோலியில் தரையிறங்கிய ஆஸ்திரேலியப் படையின் காயம்பட்டவர்கள் அதே ஆண்டில் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். வேலை, பென்ஷன், வைத்தியம் என எல்லாவற்றுக்கும் போராட வேண்டியிருந்தது. 1916 ஜூனில் தேசிய அளவில் அந்தச் சங்கம், அதாவது லீக், உருவானது. ஊருக்கு ஊர் அதன் கிளையாகச் சப்-பிராஞ்ச் வந்தது. கூடிப் பேச ஒரு ஹால், ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, பின்னால் ஒரு பார். இதுதான் பழைய கிளப்.

நியூ சவுத் வேல்ஸில் கணக்கை மாற்றியது 1956. கிளப்புகளில் போக்கர் மெஷின், அதாவது காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின், அந்த ஆண்டு சட்டபூர்வமானது. பப்களுக்கு அது 1997-ல்தான் கிடைத்தது. இடையிலிருந்த நாற்பது ஆண்டுக் காசில்தான் பிஸ்ட்ரோவும் ஜிம்மும் ஆடிட்டோரியமும் எழுந்தன. இன்று கிளப் என்பது தனிச் சட்டத்தின் கீழ், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் போர்டு நடத்தும் நிறுவனம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ராணுவத்தைப் பார்த்தே இராதவர்கள். சப்-பிராஞ்ச் ஒரு தர்ம அமைப்பு. மெஷினில் விழும் காசு தானாக அதற்குப் போய்விடாது. அறை, வாடகை, ஆண்டுக்கு இவ்வளவு உதவி என்பதெல்லாம் இரு தரப்பும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நஷ்டத்தில் ஓடும் சின்ன கிளப் பெரிய கிளப்போடு இணையும்போது, அந்த அறை எழுத்தில் இல்லையென்றால் முதலில் காலியாவது அதுதான்.

லீக்கின் வரலாறும் முழுக்கப் பெருமைப்படக்கூடியது அல்ல. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைச் சில கிளைகள் 'அது ஒரு போரா' என்று ஒதுக்கின. அவர்களுக்கு முறையான வரவேற்பு அணிவகுப்பு 1987 அக்டோபர் 3-ல்தான் சிட்னியில் நடந்தது.

இனி போகிறவர்களுக்கு. போட்டோ உள்ள அடையாள அட்டை வேண்டும். உள்ளே தொப்பியைக் கழற்றிவிடுங்கள். அது உள்ளே இருக்கும் போர் நினைவிடத்துக்கான மரியாதை. பெரும்பாலான கிளப்புகளில் மாலை 6 மணிக்கு, போரில் இறந்தவர்களின் நினைவாக, விளக்கு மங்கும். அப்போது கையிலிருப்பதைக் கீழே வைத்து, எழுந்து, நினைவுச் சுடர் இருக்கும் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். நான்கு வரிக் கவிதை வாசிப்பார்கள். கடைசி வரியை எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். ஒன்றிரண்டு நிமிடம்தான். நம் விழா ஹாலுக்குள் அந்த அறிவிப்பு கேட்காமல் போகலாம். அதனால் மைக் வைத்திருப்பவரிடம் முன்பே சொல்லி 5.55-க்குப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் முதியவர்கள் நின்றுகொண்டிருக்க, இங்கே டிஜே அலறுவதுபோல் அவமரியாதை வேறில்லை.

குத்துவிளக்கு, கற்பூரம் என்றால் புக் செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். ஹால் கூரையிலுள்ள புகை உணரி தீயணைப்புத் துறையோடு நேரடியாக இணைந்திருக்கலாம். வீணாக வண்டி வந்தால் கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டும். அதை உங்கள் தலையில் கட்டும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உணரியை நிறுத்தும் உரிமை உள்ள ஊழியர், குறிப்பிட்ட நேரத்துக்கு உங்கள் ஹால் பகுதியில் மட்டும் அதை நிறுத்தித் தர முடியுமா என்று கேட்கலாம். முடியாது என்றால் எல்இடி விளக்குதான்.

இதையெல்லாம்விட முக்கியமானது, பல கட்டிடங்களில் ஏதோ மூலையில் இருக்கும், படைவீரர்களுக்கு உதவும் நலன் அறை. ஆஸ்திரேலியப் படையில் பணியாற்றிய தமிழ்ப் பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் இதைக் கவனியுங்கள். முழுநேரப் பணியில் ஒரே ஒரு நாள் இருந்திருந்தாலும் மனநலச் சிகிச்சைக்கு அரசு செலவு செய்யும். அந்த நோய் பணியால் வந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. உடல் பாதிப்புக்கு இழப்பீடு கேட்பது வேறு வழி. அதற்குப் பயிற்சி பெற்ற அட்வகேட் (வக்கீல் அல்ல, படைவீரர்களின் மனுக்களுக்கு வழிகாட்டுபவர்) இலவசமாக உதவுவார். பணி விலகல் சான்று, சர்வீஸ் எண், மருத்துவ அறிக்கைகளோடு போங்கள்.

இழப்பீட்டு மனுக்கள் இழுபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், 'முதுகு வலி' என்று அறிகுறியை எழுதுவது. மருத்துவர் உறுதிசெய்த நோயின் பெயர் வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் எந்தெந்தக் காரணிகள் செல்லும் என்று அரசு வரையறுத்து வைத்திருக்கிறது. எவ்வளவு எடை, எத்தனை ஆண்டு தூக்கினீர்கள் என்ற அளவுவரை அதில் வரும். டாக்டரின் கடிதம் அந்தக் காரணியைத் தொடவில்லை என்றால் மனு நிற்காது.

படைவீரர் தற்கொலை பற்றிய அரச ஆணையம் 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் வரவேற்பு மேசையருகே ஜாக்பாட் தொகை பெரிய திரையில் ஓட, நலன் அறைக்குப் போகும் வழியை யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது தவறு. உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் நமக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. சப்-பிராஞ்சுக்குப் போன ஆண்டு எவ்வளவு கொடுத்தீர்கள், அந்த அறை எந்தத் தேதிவரை உறுதி, வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? இந்த மூன்றையும் கேளுங்கள்.