வானொலி வித்வானுக்கு ஒரு அங்கி

பட்டமளிப்பு விழா சீசன் வந்தால் இசைக்கலைஞர் யாருக்காவது கௌரவ டாக்டர் பட்டம் என்ற செய்தியும் வந்துவிடும். 2022 நவம்பரில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இளையராஜாவுக்கும் மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனுக்கும் கொடுத்தது. இருவருக்கும் தகும், அதில் பேச ஒன்றுமில்லை. என் வழக்கு வேறு. மேடையும் திரையும் பல்கலைக்கழகங்களின் கண்ணில் படுகிற அளவுக்கு வானொலி நிலையம் படுவதில்லை.

ஒரே ஆள் பாடகராகவும் ஒலிபரப்பாளராகவும் இருந்தால், பாராட்டுரையில் கச்சேரிகளும் விருதுகளும் பத்தி பத்தியாக வரும். வானொலிக்கு 'அங்கும் பணியாற்றினார்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பாலமுரளிகிருஷ்ணாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரிப் பாலமுரளியை எல்லோருக்கும் தெரியும். விஜயவாடா நிலையத்தில் உட்கார்ந்து 'பக்தி ரஞ்சனி' என்ற காலை நிகழ்ச்சியை வளர்த்தெடுத்த பாலமுரளியை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சபா வாசலையே மிதிக்காத வீடுகளில் அந்தப் பாட்டுகள் தினமும் ஒலித்தன. கர்நாடக இசை மேதைகள் செம்மங்குடி சீனிவாச ஐயரும் ஜி.என்.பி. என்கிற ஜி.என். பாலசுப்பிரமணியமும்கூடச் சென்னை வானொலியில் பொறுப்பில் இருந்தவர்கள்தான்.

இவர்கள் பெரிய பெயர்கள், எப்படியும் நினைவில் நிற்பார்கள். வானொலி நிலையத்திலேயே வேலை பார்த்த நிலைய வித்வான்கள்? வெளியூரிலிருந்து வரும் பாடகருக்குப் பக்கவாத்தியம், மெல்லிசைக்கு வாசிப்பு, நாடகத்துக்குப் பின்னணி இசை, இடையில் இசைப்பயிற்சி நிகழ்ச்சி. முகம் தெரியாத மாணவருக்கு ரேடியோ வழியாக ஒரு கீர்த்தனையை வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பது சாதாரண வேலையா? எதிரே ஆள் இல்லை, தப்பாகப் பாடினால் திருத்த முடியாது. எங்கே தடுமாறுவார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து அங்கே நிறுத்த வேண்டும். இது ஆசிரியப் பணி இல்லையென்றால் வேறு எது?

சம்பளம் வாங்கித்தானே செய்தார்கள் என்று சிலர் கேட்பார்கள். பேராசிரியர்கள் என்ன, சும்மாவா பாடம் நடத்துகிறார்கள்?

நிலையத்துக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கேட்கிறவனின் காதையே மாற்றும். ஹார்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940ல் போட்ட தடை 1971 வரை நீடித்தது. 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார், நேயர்கள் இலங்கையின் ரேடியோ சிலோன் பக்கம் போனார்கள். அப்புறம் 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டுக்கும் இடம் கொடுத்த விவித் பாரதி என்ற வானொலிச் சேவை வந்தது. இத்தனைக்கும் கேஸ்கர் சங்கீதம் கற்றவர்! மேலிருந்து இப்படி உத்தரவுகள் வந்துகொண்டிருந்த காலத்தில், உள்ளே இருந்த கலைஞர்கள் கிடைத்த நேரத்தில் நல்லதை நுழைத்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கு ஒரு பட்டம் கொடுத்தால் என்ன?

பட்டம் என்றதும் 'டாக்டர்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் ஆசையும் ஞாபகம் வருகிறது. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதைப் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995ல் சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது டாக்டர்தான், அதனால்தான் இத்தனை போட்டி. கௌரவப் பட்டத்தை அப்படிப் போட்டுக்கொள்வது முறையல்ல என்பது என் கட்சி. நல்ல வித்வானுக்கு அது தேவையும் இல்லை.

பல்கலைக்கழகத்திடம் நான் கேட்பது இரண்டுதான். கலைஞர் தெம்பாக இருக்கும்போதே கொடுங்கள், சக்கர நாற்காலியில் மேடையேற்றிப் படம் எடுக்க வேண்டாம். கொடுத்த கையோடு, அவருடைய ஒலிப்பதிவுகளில் எவை வானொலிக் காப்பகத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று விசாரித்து, இசைத்துறை மாணவர்கள் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். பழைய ஒலிநாடாக்களில் அழித்து மறுபடி பதிந்தவை எத்தனையோ. பட்டமளிப்பு விழாவின் பந்தல் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினாலே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.